கட்டிக்கு ஒழுக்கம் தெரியாது

மலேசியாவின் கேரி தீவில் உள்ள செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு பெண்ணுக்குக் காலில் சீழ்க்கட்டி வந்தால், மேற்பார்வை பார்க்கும் மண்டோரிடம் சொல்லிவிட்டு அன்றைக்கே கிளினிக்குக்குப் போவாள். அதே கட்டி பிறப்புறுப்பின் ஓரத்தில் வந்தால் வாய் திறக்கமாட்டாள். கால்களை அகட்டி நடப்பாள், உட்கார முடியாமல் நின்றபடியே சாப்பிடுவாள், யாராவது கேட்டால் இடுப்பு வலி என்பாள். இரண்டு இடத்திலும் சீழ் சீழ்தான். அவள் வலியோடு கழித்த அந்த நாட்களுக்கு யார் பொறுப்பு? நம் ஒழுக்கம்தான் பொறுப்பு என்கிறேன்.

உடம்பில் நடப்பது என்ன என்று முதலில் பார்ப்போம். யோனி வாசலின் கீழ்ப்பக்கம், இடமும் வலமுமாகப் பட்டாணி அளவில் இரண்டு சுரப்பிகள் உண்டு. 17ஆம் நூற்றாண்டில் அவற்றை விவரித்த டென்மார்க் உடற்கூறியலாளர் காஸ்பர் பார்த்தோலினின் பெயரால் அழைக்கப்படுகின்றன. ஈரப்பசையைச் சுரப்பது அவற்றின் வேலை. அந்தச் சுரப்பு வெளிவரும் மெல்லிய குழாய் அடைத்துக்கொண்டால் நீர் தேங்கி ஒரு பக்கம் வீங்கும். அந்த நிலையில் வலி இல்லாமலும் இருக்கலாம். கிருமி புகுந்தால் இரண்டு மூன்று நாளில் சீழ் கட்டி, நடப்பதும் உட்காருவதும் வேதனையாகிவிடும். நூறு பெண்களில் ஏறக்குறைய இருவருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது இது வரும் என்பது மருத்துவ நூல்களின் கணக்கு. பல நேரம் காரணமாவது எல்லார் குடலிலும் வாழும் ஈ.கோலை கிருமி. பாலுறவால் பரவும் கிருமிகளும் சிலருக்குக் காரணமாகலாம். அதனால்தான் மருத்துவர் சீழைச் சோதனைக்கு அனுப்புகிறார்.

இது மட்டுமல்ல. முடியை மழித்த இடத்தில் வேர்க்கால் புண்ணாகிக் கொப்புளம் வரும். வியர்வையும் இறுக்கமான உள்ளாடையும் அதை வளர்க்கும். அக்குளிலும் தொடை இடுக்கிலும் கட்டி மாறி மாறி வந்து தழும்பு விட்டுச் செல்லும் ஒரு நாள்பட்ட தோல் நோயும் இருக்கிறது. அது அழுக்கால் வருவதில்லை. குளிக்காதவள் என்று அவளை ஏசுவது அநியாயம். கொத்துக் கொத்தாக நீர்க்கொப்புளம் வந்து எரிந்தால் அது ஹெர்பீஸாக இருக்கலாம். தொற்றி நெடுநாள் கழித்துக்கூட அது வெளிப்படும். தன் உடம்பில் ஒரு அறிகுறியும் இல்லாத கணவனிடமிருந்தும் அது மனைவிக்கு வரும்.

இந்த இடத்தில்தான் நம் வீடுகளில் விசாரணை தொடங்குகிறது. மாமியார் சந்தேகப்படுகிறார், கணவன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். அவள் குற்றமற்றவள் என்று நிரூபிக்க நான் இதை எழுதவில்லை. அவள் யாரோடு படுத்திருந்தாலும் சீழுக்கு வடிகால் வேண்டும், வலிக்கு மருந்து வேண்டும். சிகிச்சை நல்லவளுக்குத் தரும் பரிசு அல்ல. கற்பை அளந்து பார்த்துவிட்டுக் கருணை காட்டுவோம் என்றால், அது ஒழுக்கமே அல்ல, கொடுமை. 1929 டிசம்பரில் பெரியார் மலாயாவுக்கு வந்தார். கற்பைப் பெண் மீது மட்டும் சுமத்தும் நியாயம் எங்கிருந்து வந்தது என்று கேட்டவர் அவர். ஏறத்தாழ நூறு ஆண்டாகிறது. அந்தக் கேள்வி இன்னும் நம் குளியலறைக் கதவைத் தாண்டி உள்ளே வரவில்லை.

பெண் வயதுக்கு வந்தால் கிள்ளானில் மண்டபம் எடுத்து, சொந்தபந்தம் அத்தனை பேரையும் அழைத்து, மஞ்சள் நீராட்டிப் படம் எடுக்கிறோம். அவளுடைய கருப்பை வேலையைத் தொடங்கியதை ஊருக்கே அறிவிக்கிறோம். அங்கே வீக்கம் வந்தால் யாரிடம் சொல்வது, எதைத் தடவக்கூடாது என்று அந்தப் பிள்ளைக்கு ஒருவரும் சொல்வதில்லை. அதனால் அவள் சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துப் பூசுகிறாள், டெட்டாலை ஊற்றிக் கழுவுகிறாள். மெல்லிய சவ்வு வெந்துபோகிறது. உடம்புச் சூடு என்று இளநீர் குடித்துக் காத்திருக்கிறாள். அம்மனுக்கு வேண்டிக்கொள்கிறாள். கட்டி தானாக உடைந்தால் புகழ் அம்மனுக்கு, உடையாவிட்டால் பழி அவளுக்கு!

வீட்டில் மட்டுமல்ல, தோட்டத்திலும் இதே மௌனம்தான். 2002இல் தெனாகானித்தா என்ற உரிமை அமைப்பும் பூச்சிக்கொல்லி எதிர்ப்பு அமைப்பு ஒன்றும் சேர்ந்து, தோட்டங்களில் மருந்தடிக்கும் பெண்களைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டன. மூச்சுத் திணறல், கண் எரிச்சல், தோல் நோய் என்று அந்தப் பெண்கள் சொன்னவை அதில் பதிவாகின. முதுகில் சுமக்கும் தொட்டி கசிந்தால் பாராகுவாட் என்னும் களைக்கொல்லி இடுப்பு வழியே தொடை இடுக்குக்குத்தான் இறங்கும். நனைந்த துணியோடு நின்றால் அங்கே தோல் வெந்து புண்ணாகும். அந்தப் புண்ணை எத்தனை பெண்களால் ஆண் கிராணியிடம் வாய்விட்டுச் சொல்லியிருக்க முடியும்? பாராகுவாட்டுக்கு மலேசியாவில் முழுத் தடை வந்தது 2020இல்தான்.

இன்னொன்றையும் மறைக்காமல் பேசவேண்டும். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் என்னும் நீரிழிவு. இந்தியர்களில் அது 31.4 விழுக்காடு. இனிப்பு நீர் உள்ளவரின் உடம்பில் சிறு கொப்புளமும் வேகமாகப் பரவும். கட்டி திரும்பத் திரும்ப வந்தால் இரத்தச் சர்க்கரையைச் சோதிக்கக் கேட்க வேண்டும்.

கட்டி வந்த தொடக்கத்தில் வெதுவெதுப்பான நீரில் பத்துப் பதினைந்து நிமிடம், நாளுக்கு மூன்று நான்கு முறை உட்காருவது உண்மையிலேயே உதவும். பிதுக்கக்கூடாது, ஊசியால் குத்தக்கூடாது. இரண்டு மூன்று நாளில் வலி குறையாவிட்டால் கிளினிக்குக்குப் போகவேண்டும். சீழ் நன்றாகக் கட்டிவிட்டால் மாத்திரை மட்டும் போதாது. மரத்துப்போகும் ஊசி போட்டுச் சிறிதாகக் கீறி வடிப்பார்கள். மீண்டும் அடைக்காமல் இருக்கச் சில வாரங்களுக்குச் சிறு குழாய் ஒன்றை உள்ளே விடுவதும் உண்டு. நாற்பது வயதைத் தாண்டியவருக்குப் புதிதாகக் கட்டி வந்தால் சதைத் துணுக்கு எடுத்துப் புற்றுநோயா என்று பார்ப்பார்கள். காய்ச்சலும் நடுக்கமும் வந்தாலோ, சிவப்பு வேகமாகப் பரவினாலோ, தோல் கறுத்தாலோ விடியும்வரை காத்திருக்கக் கூடாது. அந்த இரவே பந்திங் மருத்துவமனைக்கோ கிள்ளான் பெரிய ஆஸ்பத்திரிக்கோ போயாகவேண்டும், அழைத்துப் போவது கணவனின் கடமை.

அரசுக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளி. அதே நிரையில் வேலை செய்யும் இந்தோனேசியப் பெண்ணுக்கு அந்த ஒரு வெள்ளிச் சலுகை கிடையாது. அவளுக்காகவும் நாம் பேசவேண்டும். பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்கலாம், பரிசோதனையின்போது மிஸ்ஸி (தாதி) ஒருவர் உடன் இருக்கவேண்டும் என்றும் கேட்கலாம். வேலைவாய்ப்புச் சட்டப்படி சம்பளத்தோடு ஆண்டுக்கு 14 நாளாவது மருத்துவ விடுப்பு உண்டு. எம்.சி. சீட்டைக் கொடுத்தால் போதும், கட்டி எங்கே என்று மண்டோருக்குச் சொல்ல வேண்டியதில்லை.