ஊர் கூடி நோற்ற நோன்பு

மகாராஷ்டிரத்தின் சாங்லி மாவட்டத்திலுள்ள சிற்றூர் மோஹித்யாஞ்சே வட்காவ். பிள்ளைகளின் கவனம் சிதறுவதைக் கண்ட அவ்வூரார் 2022 ஆகஸ்டு 14 அன்று கூடி ஒரு முடிவெடுத்தனர். மறுநாள் சுதந்திரத் திருநாள் முதல், மாலை 7 மணிக்குக் கோயிலில் சைரன் ஒலித்ததும் வீடுதோறும் கைபேசியும் தொலைக்காட்சியும் 8.30 வரை அணைக்கப்பட்டன. பிள்ளைகளை மட்டும் தடுத்திருந்தால் அது தண்டனை; பெரியோரும் உடன்பட்டதால் விரதமாயிற்று.

புற ஒலிக்குக் கட்டுப்படுவது புலனடக்கமாகுமா என்று சிலர் வினவலாம். கைபேசியின் மணியும் புற ஒலியே. அதற்கு மனிதன் நாள் முழுதும் பணிகிறான். அது பிறர் விடுக்கும் அழைப்பு. சைரனோ ஊரார் தமக்குத் தாமே இட்டுக்கொண்ட ஆணை. தான் இட்ட ஆணைக்குத் தானே பணிபவன் அடிமையல்லன், அவனே சுதந்திரன்.