தழும்புக்கு ஒரு வலை

வயிற்றில் பெரிய அறுவை சிகிச்சை முடிந்து ஓரிரு ஆண்டுகள் ஆன பிறகு, சிலருக்குப் பழைய தையல் கோட்டை ஒட்டி ஒரு புடைப்பு தலைகாட்டும். இருமினால் துருத்தும், மல்லாந்து படுத்தால் உள்ளே போய்விடும். இதைத் தழும்புக் குடலிறக்கம் என்பார்கள். "மெஷ் வைக்க வேண்டும்" என்று மருத்துவர் சொன்னதும் வீட்டார் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "உடம்புக்குள்ளே பிளாஸ்டிக்கா? தையல் போட்டே மூடிவிடக் கூடாதா?" மிகவும் நியாயமான கேள்வி. பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வியும்கூட.

முதலில் வயிற்றுச் சுவரைப் பார்ப்போம். முன்பக்கத்தில் மேலிருந்து கீழாக ரெக்டஸ் என்ற இரண்டு நீளத் தசைகள் ஓடுகின்றன. பக்கத்துக்கு மூன்றாகத் தட்டைத் தசைகள் அடுக்கியிருக்கின்றன. அவற்றின் நார்த்தட்டுகள் ரெக்டஸுக்கு உறைபோலச் சுற்றிவந்து, நடுவில் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும் வெண்ணிறக் கோடுதான் லினியா ஆல்பா. பக்கத் தசைகள் சுருங்கும்போதெல்லாம் இந்தக் கோடு இரு புறமும் இழுபடுகிறது. பலமாக இருமினால் வயிற்றுக்குள் அழுத்தம் 100 மி.மீ. பாதரசத்தை எளிதில் எட்டும். கோடு விட்டுப்போன இடத்தில் விளிம்புகள் ஏற்கெனவே விலகிக் கிடக்கும். அவற்றை இழுத்துப் பிடித்துத் தைத்தால் நூல் அறுவது அரிது. நூல் பிடித்திருக்கும் திசுதான் கொஞ்சம் கொஞ்சமாகக் கிழியும். அந்தத் திசுவோ ஒருமுறை தோற்றுப்போன தழும்பு.

இதை நெதர்லாந்து மருத்துவர்கள் ஒரு சோதனையில் அளந்து பார்த்தார்கள். 6 செ.மீ.க்கு மேற்படாத குடலிறக்கங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, சிலருக்குத் தையல், சிலருக்கு மெஷ் எனும் வலை என்று குலுக்கல் முறையில் பிரித்தார்கள். 2000-இல் வெளியான முடிவு: மூன்று ஆண்டுகளில் குடலிறக்கம் திரும்பி வந்தது தையலில் 43 சதவீதம், வலையில் 24 சதவீதம். அதே நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2004-இல் வெளியிட்ட பத்தாண்டுக் கணக்கில் அது 63-க்கு 32. வலையின் வெற்றிக்கு இந்த எண்களைக் காட்டுவார்கள், சரிதான். ஆனால் அந்த 32-ஐயும் நோயாளியிடம் சொல்லியாக வேண்டும். வலை வைத்தவர்களிலும் மூன்றில் ஒருவருக்கு மறுபடி வந்திருக்கிறது. என்ன வலை, எந்த அடுக்கில், எவ்வளவு அகலத்தில் என்ற கேள்விகளுக்கு இங்கேதான் வேலை.

தொடக்கத்தில் உலோகத்தை முயன்றார்கள். வெள்ளிக் கம்பிப் பின்னல் வந்தது, 1940களில் டான்டலம் வந்தது. மடங்கி மடங்கி நிமிரும் வயிற்றில் அந்த டான்டலம் நொறுங்கியது. ஹூஸ்டனைச் சேர்ந்த பிரான்சிஸ் அஷர் 1958-இல் பாலிஎத்திலீன் வலையைப் பற்றி எழுதினார். பின்னர் அவரே பாலிபுரோப்பிலீனுக்கு மாறினார். இன்றும் பெரும்பாலான வலைகள் அந்தப் பொருள்தான்.

வலை, ஓட்டையை மூடும் ஒட்டு அல்ல. உடல் அந்த இழைகளை அந்நியப் பொருளாக உணர்ந்து, ஒவ்வொன்றையும் சுற்றிக் கொலாஜன் நாரைப் படியவைக்கிறது. கொடிக்குப் பந்தல் போட்டதுபோல், தழும்பு படர ஒரு சட்டம் கிடைக்கிறது. நாளடைவில் பாரத்தைத் தாங்குவது வலையும் தழும்பும் சேர்ந்த புதுச் சுவர். அப்படியென்றால் இழையைவிட வலைக்கண்ணின் அளவு முக்கியம். 1990களில் ஜெர்மனியின் ஆகன் நகரில் கிளிங்கே, ஷும்பெலிக் குழுவினர் இதை விரிவாக ஆராய்ந்தார்கள். கண்கள் மிகச் சிறியதாக இருந்தால் ஓர் இழையைச் சுற்றிய தழும்பு அடுத்த இழையின் தழும்போடு ஒட்டிப்போகும். முழு வலையும் விறைத்த தகடாகிச் சுருங்கும். கண் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் இடையில் கொழுப்பும் ரத்தக் குழாயும் வளர இடம் இருக்கும், வயிறு வளைந்து கொடுக்கும். நெருக்கமாகப் பின்னிய கனமான வலைதான் உறுதி என்ற எண்ணம் இதனால் ஆட்டம் கண்டது.

அடுத்தது, வைக்கும் இடம். நார்த்தட்டின் மேல், தோலுக்கு அடியில் வைப்பது சுலபம். ஆனால் அதற்காகத் தோலை அகலமாகப் பிரிக்க வேண்டும். நீர் கோத்துக்கொள்ளும், கிருமித் தொற்று வந்தால் வலையை எளிதில் எட்டிவிடும். விளிம்புகளை இணைக்காமல் இடைவெளியில் வலையை மட்டும் தைப்பது மோசமான வழி, ஓரங்கள் விட்டுப்போகும். லேப்ராஸ்கோப்பி மூலம் வயிற்றுக்குள்ளேயே வைத்தால் காயம் சிறியது. ஆனால் வலை குடலை நேராகத் தொடும். பூச்சில்லாத பாலிபுரோப்பிலீன் குடலோடு ஒட்டிக்கொள்ளும், சில சமயம் குடலை அரித்து உள்ளேயும் போகும். அதனால்தான் அங்கே ஒரு பக்கம் பூச்சுள்ள வலை. பிரான்சில் ழான் ரீவ், ரெனே ஸ்தோப்பா வளர்த்த முறையில், வலை ரெக்டஸ் தசைக்குப் பின்னால், அதன் பின்னுறைக்கு முன்னால் அமர்கிறது. குடலுக்கும் வலைக்கும் நடுவே உறையும் உள்ளுறைச் சவ்வும் இருக்கின்றன. முன்னால் ரத்தம் நிறைந்த தசை. சுவரைப் பிளந்த அதே அழுத்தம் இங்கே வலையைச் சுவரோடு சேர்த்து அழுத்துகிறது. நேரம் எடுக்கும், கைத்திறன் வேண்டும். ஆனாலும் திறந்த அறுவையில் என் வாக்கு இதற்குத்தான்.

நோயாளி பங்குக்கும் வேலை உண்டு. புகையை நிறுத்துவது, சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவது, எடையைக் குறைப்பது எல்லாம் அறுவைக்கு முந்தைய வாரங்களில் நடக்க வேண்டியவை. இவை தொற்று அபாயத்தைக் குறைக்கும். தொற்று பிடித்த வலையை வெளியே எடுப்பது, அதை வைத்ததைவிடக் கடினமான அறுவை.

வலையே தேவைப்படாமல் செய்யும் வழியையும் நெதர்லாந்து மருத்துவர்கள் சோதித்தார்கள். முதல் அறுவையில் வயிற்றை மூடும்போது, விளிம்பிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளிப் பெரிய தையலாகப் போடுவது பழைய பழக்கம். அதற்குப் பதில் 5 மி.மீ. இடைவெளியில், 5 மி.மீ. திசுவை மட்டும் பிடித்துத் தைத்துப் பார்த்தார்கள். 2015-இல் வெளியான அந்த ஆய்வில் ஓராண்டில் குடலிறக்கம் 21 சதவீதத்திலிருந்து 13 சதவீதமாகக் குறைந்தது. கூடுதலாக ஆனது சில நிமிடங்களும் இன்னும் கொஞ்சம் நூலும்.