ஆர்வமும் அமானத்தும்

ரமளானில் நோன்புக் கஞ்சி ஊற்ற முதல் ஆளாய் வந்து நிற்பார் ஓர் அன்பர். முன்னால் வருவோருக்குத் தூக்கு நிறைய ஊற்றுவார். அளவு சொன்னால் கேளார். நிய்யத்து நல்லதுதான், கடைசியில் நிற்கும் ஏழைச் சிறுவனோ வெறுந்தூக்குடன் திரும்புகிறான். உழைக்கும் ஆளை இழப்போமென்று நாம் வாய்மூடியிருப்பதா? கடிந்து விரட்டுவதா?

அபூபக்ரா (ரலி) அவர்கள், ஜமாஅத்தின் ருகூவு தவறிவிடுமோ என்ற அவசரத்தில், ஸஃப்பில் சேருமுன்பே ருகூவு செய்துவிட்டார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் முதலில் அன்னாரின் ஆர்வம் பெருக துஆச் செய்தார்கள். பிறகே, இனி அவ்விதம் செய்யலாகாதென்றார்கள்.

ஆர்வத்தை வாழ்த்துவதும் கடமை; தவற்றைத் தடுப்பதும் கடமை. கஞ்சி ஊராரின் அமானத்து. ஒருவர் மனம் நோகுமென்றஞ்சி ஏழையின் பங்கை விட்டுக்கொடுக்க நமக்கேது உரிமை? தனியே அழைத்து, வாழ்த்தியே திருத்துவோம். அல்லாஹ் தவ்பீக் செய்வானாக! ஆமீன்.