சுட்ட மண்ணும் சுடாத மண்ணும்

இராஜகிருகத்தை அடுத்த மலைச்சாரலில் தனியர் என்னும் பெயருடைய பிக்கு ஒருவர் புற்குடிசை வேய்ந்து வாழ்ந்தார். அவர் பிச்சைக்குச் சென்றிருந்த வேளையில் புல்லும் விறகும் பொறுக்க வந்தோர் குடிசையைப் பிரித்துக்கொண்டு போயினர். மும்முறை இவ்வாறு நேர்ந்தது. குயவர் மகனாகிய அவர் தம் தொழில் கைவரப் பெற்றவராதலின், முழுதும் களிமண்ணாலேயே ஒரு குடில் சமைத்து, விறகும் வறட்டியும் அடுக்கிச் சுட்டெடுத்தார். அது தம்பலப்பூச்சியைப்போற் சிவந்து, தட்டினால் மணிபோல் ஒலித்ததாம். அதனைக் கண்ட பகவான் உடைத்தெறியுமாறு பணித்தார். மண்ணைச் சுடுகையில் மாண்டுபோகும் சிற்றுயிர்கள்பால் இரக்கம் வேண்டாவோ என்பதே அவர் கேட்டது. விநயபிடகத்துள் வரும் வரலாறு இது.

சென்ற பௌர்ணமியன்று ஆஸ்டின் டவுனில் நம் அன்பர்கள் கூடிய இடத்தில் இதனை எடுத்துரைத்தேன். முடிந்ததும் இளைஞரொருவர் எழுந்தார். அவருடைய பாட்டனார் வடஆர்க்காட்டுச் சேரியொன்றிலிருந்து பிழைக்க வந்தவர். அவ்வூரில் சுடாத மண்கல்லால் ஒரு தொழிற்கூடம் எழுப்பி, எண்ணெய்ச் செக்கும் தையற்பொறிகளும் வைத்து, வேலையற்றிருப்போர்க்கு வழிகாட்ட விரும்புவதாகவும், அது தம்மத்திற்கு ஒத்ததா என்றும் வினவினார். நான் வாய் திறக்குமுன் பெரியவர் ஒருவர் குறுக்கிட்டார். "பாபாசாகேப் விட்டு வா என்று சொன்ன ஊர் அது. நம்மைத் தள்ளிவைத்த ஊரை நாமே ஏன் தம்பி தூக்கி நிறுத்த வேண்டும்?" என்றார். எனக்கு அப்போது விடை தோன்றவில்லை.

கல்லைப் பற்றிய ஐயம் எளிதில் தீர்வது. நம் பெங்களூரிலுள்ள இந்திய அறிவியற் கழகத்தில் 1974-இல் பேராசிரியர் ஏ.கே.என். ரெட்டி முதலானோர் கிராமங்களுக்கென ஒரு பிரிவைத் தொடங்கினர். ஜகதீஷ் முதலிய அறிஞர்கள் அங்கே மண்கல்லை ஆராய்ந்தனர். மணற்பாங்கான மண்ணோடு நூற்றுக்கு ஆறேழு பங்கு சிமெண்ட் கலந்து, கைப்பொறியில் அழுத்தி, சில வாரம் நீர் தெளித்து ஆறவிட்டாற் போதும். சூளையில்லை, விறகில்லை. தனியர் குடிலுக்கு நேர்ந்த குற்றம் இதற்கு இல்லை.

பெரியவர் கேட்டதோ அத்துணை எளிதன்று. 1948 நவம்பர் 4-இல் அரசியல் நிர்ணய சபையில் பாபாசாகேப் கிராமத்தை அறியாமைக்கும் குறுகிய மனத்திற்கும் உறைவிடமென்று கடிந்துரைத்தார். அச்சொல் அனுபவத்திற் பிறந்தது. ஆயினும் தறிமேடையில் காலங்கழித்தவன் என்ற முறையில் ஒன்று கூறுவேன். பம்பாய் ஆலைகளில் நாடாவின் நூலை வாயால் உறிஞ்சி எடுக்கவேண்டியிருந்தமையால், தீண்டாதார் எனப்பட்டோரை நெசவுப் பகுதிக்குள் விடவில்லை. 1928-ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின்போது பாபாசாகேப் இதனையும் எதிர்த்துக் கேட்டார். நகரமும் ஆலையும் தாமாகவே சாதியை ஒழித்துவிடவில்லை. ஊரை விட்டு வந்தோம், சரி. சாதி நமக்கு முன்னே இரயிலேறி வந்திருந்ததே!

திருவள்ளூர் மாவட்டத்துக் குத்தம்பாக்கத்தைப் பாருங்கள். அவ்வூர்ச் சேரியிற் பிறந்து இரசாயனப் பொறியியல் கற்ற இளங்கோ ரங்கசாமி, கைக்கெட்டிய உத்தியோகத்தை விட்டுத் திரும்பி, 1996-இல் ஊராட்சித் தலைவரானார். அரசு 1997-இல் அறிவித்த சமத்துவபுரத் திட்டத்தின்கீழ் அங்கும் நூறு வீடுகள் எழுந்தன. ஊர் மண்ணையே அழுத்திக் கல்லாக்கி, ஊராரே உழைத்துக் கட்டினர். இரண்டிரண்டு வீடாக இணைத்து, ஒன்றில் ஆதிதிராவிடக் குடும்பமும் மற்றொன்றில் பிற சாதிக் குடும்பமும் குடியேறின. நடுச்சுவர் இருவர்க்கும் பொது. அக்கம்பக்கத்துக் கிராமங்கள் தமக்கு வேண்டிய அரிசி, பருப்பு, எண்ணெய், சோப்பு முதலியவற்றைத் தாமே செய்து தமக்குள் மாற்றிக்கொள்ளவேண்டும் என்பதும் அவர் கொள்கை. அந்த நடுச்சுவரைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். மண்கல் அதற்குப் பிறகுதான்.

எனவே இளைஞரை மறுவாரம் அழைத்து, கூடம் எங்கே நிற்கும், பட்டா யார் பேரில் என்று கேட்டேன். ஊர்த்தெருவில் ஒரு மிராசுதார் குத்தகைக்கு இடம் தருகிறார் என்றார். "வேண்டாம் தம்பி" என்றேன். கூடதந்த சூத்திரத்தில் உழவனுக்கு விதையும் வணிகனுக்கு முதலும் கொடுக்கும்படி புரோகிதர் அரசனுக்கு உரைக்கிறார். முதல் கையில் இருப்பவனே நிமிர்ந்து நிற்பான். பிறர் மனையில் நாம் எழுப்பும் சுவர், எவ்வளவு பசுமையான சுவராயினும், குத்தகை முடிந்தால் அவருடையது. சேரி நத்தத்தில், அங்குள்ள பெண்களின் பேரிலேயே கூடம் எழட்டும். எண்ணெய் வேண்டுவோர் அங்கே வரட்டும்.

"வருவார்களா?" என்று பெரியவர் கேட்டார். எண்ணெய் நன்றாயிருந்து விலையும் தணிவாயிருந்தால் முதலில் பிள்ளைகளை அனுப்புவார்கள், பிறகு தாமே வருவார்கள் என்றேன். வராமலும் போகலாம், அதையும் மறைக்கவில்லை. அவர் தலையை அசைத்தார். அது இசைவா மறுப்பா என்று எனக்கு விளங்கவில்லை.

இளைஞர் ஒரு பையில் அச்சேரி மண்ணைக் கொண்டுவந்திருந்தார். கண்ணாடிப் புட்டியொன்றில் இட்டு, நீர் வார்த்துக் குலுக்கி, மணல் எவ்வளவு களி எவ்வளவு எனப் பார்க்க மேசைமேல் வைத்தோம். மணல் முதலில் அடியிற் படிந்தது. களி தெளியப் பொழுதாகும் என்றார். வீட்டிற்குப் புறப்பட எழுந்த பெரியவர், மீண்டும் அமர்ந்துகொண்டார்.