மேஸ்திரிக்குப் பாக்கி வைத்தால் பாவமா?

கேள்வி: பழைய வீட்டைப் புதுப்பிக்க ஒரு மேஸ்திரியிடம் 4 லட்சத்து 20 ஆயிரத்துக்குப் பேசினோம். 3 லட்சத்து 40 ஆயிரம் கொடுத்தாயிற்று. மாடி பாத்ரூமில் வாட்டம் சரியில்லை, தண்ணீர் மூலையில் தேங்குகிறது. கீழ் அறைச் சுவரில் ஓதம். சரிசெய்யச் சொன்னால், "மீதி 80 ஆயிரம், எக்ஸ்ட்ரா வேலைக்கு 25 ஆயிரம், இரண்டையும் வைத்தால்தான் ஆள் வரும்" என்கிறார். எதையும் எழுதி வாங்கவில்லை. "ஒரு பைசா கொடுக்காதே" என்கிறார் கணவர். "கொளஞ்சியப்பருக்குப் பிராது கட்டிவிடு" என்கிறார் மாமியார். பணத்தை நிறுத்தினால் பாவமா? - பெயர் வேண்டாம், பண்ருட்டி.

பதில்: அந்த 80 ஆயிரம் முழுக்க உங்களுடையது இல்லை, அம்மா. முழுக்க அவருடையதும் இல்லை. டைல்ஸைப் பெயர்த்து, வாட்டர் ப்ரூஃபிங் செய்து, வாட்டம் பார்த்து மறுபடி ஒட்ட என்ன ஆகும் என்று இரண்டு பேருக்கும் பொதுவான ஒரு கொத்தனாரை அழைத்துவந்து கேளுங்கள். அவர் 45 ஆயிரம் என்றால், அதை நிறுத்திவைப்பதில் தோஷமில்லை. மிச்சம் 35 ஆயிரம் ஒழுங்காக நடந்த வேலையின் கூலி. அதற்குள் மணல் சுமந்த சித்தாளின் பங்கும் இருக்கிறது. வாட்டம் தப்பியதற்கும் அவளுக்கும் என்ன சம்பந்தம்? நீங்கள் கேட்ட பாவம் அந்த 35 ஆயிரத்தில்தான் இருக்கிறது. உங்கள் கணவருக்கு இது ரசிக்காது, சொல்லத்தான் வேண்டும்.

எக்ஸ்ட்ரா வேலை என்று அவர் கேட்பதில் எது நிஜம் என்பது உங்களுக்கே தெரியும். "அப்படியே இந்த ஷெல்ஃபையும் சேர்த்துடுங்க" என்று வேலை நடக்கும்போது சொல்லாத வீடு உண்டா? சொன்னதற்குக் காசு உண்டு.

இனி பிராது. விருத்தாசலத்தை அடுத்த மணவாளநல்லூரில் முருகன் உருவமில்லாமல், பலிபீட வடிவில் கொளஞ்சியப்பராக இருக்கிறார். குறையைக் காகிதத்தில் எழுதி, அவர் சந்நிதியில் வைத்து வாங்கி, அதே கோயிலில் உள்ள முனியப்பர் முன் கட்டுகிறார்கள். குறை தீர்ந்ததும் போய்ப் பிராதைத் திரும்பப் பெற்றுக்கொள்வது வழக்கம். தாராளமாகக் கட்டுங்கள். ஆனால் மேஸ்திரி செய்த தப்போடு, அவருக்கு நீங்கள் தரவேண்டியது எவ்வளவு என்பதையும் எழுதுங்கள். பாதிக் கணக்கை நீட்டி முருகனிடம் தீர்ப்புக் கேட்பது அழகில்லை. மேஸ்திரியிடம் எழுதாமல் விட்டதை முருகனிடமாவது முழுசாக எழுதுவீர்கள். அந்தத் தாளே அடுத்த பேச்சுவார்த்தைக்கு உதவும்.

பிராது கட்டிய பிறகு பஞ்சாயத்து, கோர்ட் என்று போகலாமா என்று உங்கள் மாமியார் கேட்பார். அவரைத் திருவெண்ணெய்நல்லூருக்கு ஒருமுறை அழைத்துப்போங்கள், உங்களுக்கு எட்டும் தூரம்தான். சுந்தரரின் கல்யாணப் பந்தலுக்கு ஒரு கிழவர் வந்து, "இவன் எனக்கு அடிமை, ஓலை இருக்கிறது" என்றார். சுந்தரர் அதைப் பிடுங்கிக் கிழித்துப்போட்டார். வந்திருப்பவர் சிவபெருமான், நெற்றிக்கண்ணைத் திறந்திருக்கலாம், சபித்திருக்கலாம். அவரோ திருவெண்ணெய்நல்லூர் சபைக்கு வழக்கைக் கொண்டுபோனார். கிழிந்தது வெறும் படி. மூல ஓலை பத்திரமாக இருந்தது. சபையோர் சும்மா நம்பிவிடவில்லை. சுந்தரரின் பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையை வரவழைத்து, கையெழுத்தை ஒப்பிட்ட பிறகே தீர்ப்புச் சொன்னார்கள். ஆட்கொள்ள வந்த இடத்திலும் படியை நீட்டி, மூலத்தைப் பத்திரப்படுத்திய அந்த முன்யோசனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். இந்தக் கதையைப் பாடிய சேக்கிழார் சோழரின் அமைச்சராக இருந்தவர் என்பது இந்த இடத்தில் நன்றாகவே தெரிகிறது.

ஆகவே உங்கள் ஓலைகளைச் சேருங்கள். பேங்க்கில் பணம் போன கணக்கு, வாட்ஸ்அப்பில் பேசியது, தண்ணீர் தேங்குவதன் வீடியோ எல்லாம் ஓலைதான். அந்த 35 ஆயிரத்தை ரசீது வாங்கிக்கொண்டு இப்போதே கொடுங்கள். 15 நாளில் பாத்ரூமைச் சரிசெய்தால் மிச்சமும் தருவதாகப் பதிவு வசதியோடு ஸ்பீட் போஸ்டில் எழுதுங்கள். நான் கேள்விப்பட்ட வரையில் பாதிச் சண்டைகள் இந்தத் தபாலோடு நின்றுவிடும். நிற்கவில்லையா, வீட்டுக் கட்டுமானத்தையும் சேவை என்று 2019 நுகர்வோர் சட்டம் ஏற்கிறது. கடலூரில் மாவட்ட ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் வரை கொடுத்த வேலைக்கு மனுக் கட்டணமே கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போகவேண்டும். வழி கேட்க 1915 என்ற எண்.

கேள்வி: நான் கொத்தனார். வீட்டுக்காரர் 60 ஆயிரம் பாக்கி வைத்துவிட்டுக் கிரகப்பிரவேசம் முடித்துவிட்டார். வயிறு எரிகிறது. அந்த வீட்டு வாசலில் மண்ணை வாரித் தூற்றினால் பலிக்குமா? - ஒரு வாசகர், திட்டக்குடி.

பதில்: பலித்து வீடு விழுந்தால், "யார் கட்டினது?" என்றுதானே ஊர் கேட்கும்! வேண்டாம். கிரகப்பிரவேசத்தில் கொத்தனாருக்கு வேட்டி, துண்டு வைத்துக் கொடுப்பது வெறும் மரியாதை இல்லை. கட்டியவன் மனசு குளிர்ந்தால்தான் குடிபுகலாம் என்று பெரியவர்கள் வைத்த ஏற்பாடு. பாக்கியோடு பால் காய்ச்சியவர் அந்தச் சடங்கைப் பாதியில் விட்டிருக்கிறார். அவர் மதிக்கிற ஒருவரை வைத்து இதைச் சொல்லவையுங்கள். அதற்கும் அசையாவிட்டால் வட்டச் சட்டப்பணிகள் குழுவுக்குப் போங்கள். லோக் அதாலத்தில் கோர்ட் கட்டணம் கிடையாது. போகும்போது, சித்தாளுக்குக் கூலி கொடுத்த கணக்கு நோட்டையும் சிமென்ட் வாங்கிய பில்லையும் எடுத்துக்கொள்ளுங்கள்.