விருந்தாளி உறுப்பான கதை

நம்மைச் சூழ்ந்துள்ள காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன். புரதத்திற்கும் மரபணுவிற்கும் அது இன்றியமையாதது. ஆயினும் அதைக் காற்றிலிருந்து நேரடியாக எடுத்துக்கொள்ளச் செடிகளாலோ விலங்குகளாலோ இயலாது. இரண்டு நைட்ரஜன் அணுக்கள் மூன்று பிணைப்புகளால் ஒன்றையொன்று இறுகப் பற்றியிருப்பதே காரணம். உர ஆலைகள் அந்தப் பற்றை விடுவிக்க 400 பாகை செல்சியசுக்கு மேல் வெப்பமும், வளிமண்டலத்தைப் போல நூறு மடங்கைத் தாண்டிய அழுத்தமும் வேண்டும். அதே வேலையை இயல்பான வெப்பநிலையிலேயே செய்து முடிக்கும் நொதி சில பாக்டீரியாக்களிடம் உண்டு. அதன் பெயர் நைட்ரோஜினேஸ்.

உயிரியல் பாடநூல்கள் இதிலிருந்து ஒரு விதியை வகுத்திருந்தன: நைட்ரஜனை நிலைப்படுத்துவது உட்கரு இல்லாத எளிய உயிர்களுக்கு மட்டுமே உரியது; உட்கரு கொண்ட செல்கள் அவற்றை அண்டித்தான் பிழைக்க வேண்டும். இந்த அண்டுதல் எத்தனை விதமானது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். பின்னர் வருவதன் அருமை அப்போதுதான் புலப்படும்.

உளுந்தும் துவரையும் தம் வேர்முடிச்சுகளில் ரைசோபியம் பாக்டீரியாவுக்கு இடமளிக்கின்றன. பாக்டீரியா செடியின் செல்லுக்குள்ளேயே குடியேறுகிறது. ஆனால் அது விதை வழியாக அடுத்த தலைமுறைக்குச் செல்வதில்லை. ஒவ்வொரு செடியும் மண்ணிலிருந்து தன் கூட்டாளியைப் புதிதாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். உழவர்கள் விதைநேர்த்தியின்போது ரைசோபியத்தை விதையோடு கலப்பது இதனால்தான். நெல்வயலில் மிதக்கும் அசோலாவின் நிலை நேர்மாறானது. அதனோடு வாழும் நீலப்பசும்பாசி என்னும் பாக்டீரியா தலைமுறை தலைமுறையாகக் கூடவே வருகிறது. ஆனால் செல்லுக்குள் புகாமல் இலையின் குழிவிலேயே தங்கிவிடுகிறது. ஒன்றில் உள்ளிருப்பு உண்டு, மரபுத்தொடர்ச்சி இல்லை. மற்றதில் தொடர்ச்சி உண்டு, உள்ளிருப்பு இல்லை. இவ்விரண்டும் ஒன்றாகக் கூடிய ஓர் உயிர் கடலில் கிடைத்தது.

1998இல் ஜொனாதன் ஸேர் என்னும் ஆய்வாளர், பசிபிக் கடல்நீரில் ஒரு சிறு டிஎன்ஏ துணுக்கைக் கண்டார். நைட்ரஜனை நிலைப்படுத்தும் ஏதோவொரு நீலப்பசும்பாசிக்கு உரியது அது. உயிர் மட்டும் அகப்படவில்லை. 2010இல் அதன் மரபுத்தொகை முழுவதும் வாசிக்கப்பட்டபோது வியப்பு கூடியது. அதன் நீளம் 14 லட்சம் கார இணைகளுக்குச் சற்றே மேல். அதிலும் பல பகுதிகள் இல்லை. நீரைப் பிளந்து ஆக்சிஜன் தரும் ஒளியமைப்பு இல்லை. கரியமில வாயுவை உணவாக்கும் நொதியும் இல்லை. ஒளிச்சேர்க்கையாலேயே பெயர்பெற்ற ஒரு குலத்தில் பிறந்துவிட்டு, இவ்வுயிர் அந்தத் தொழிலையே கைவிட்டிருந்தது.

இங்கே வாசகர் சற்று நின்று யோசிக்க வேண்டும். நைட்ரோஜினேசுக்கு ஆக்சிஜன் பகை, பட்டாலே செயலிழந்துவிடும். எனவே மற்ற நீலப்பசும்பாசிகளில் பல இரவில் மட்டும் நைட்ரஜன் வேலை பார்க்கும்; அல்லது தடித்த சுவர் கொண்ட தனி செல்களை அதற்கென ஒதுக்கும். இவ்வுயிரோ ஆக்சிஜன் பிறக்கும் வழியையே தன்னுள் அடைத்துவிட்டதால், பட்டப்பகலிலும் நைட்ரஜனை நிலைப்படுத்துகிறது. கைவிட்ட உணவு வேறெங்கிருந்தோ வந்தாக வேண்டும். தருவது யார் என்பது 2012இல் வெளிப்பட்டது. ஒளிச்சேர்க்கை செய்யும் ஒரு செல் பாசி சர்க்கரையைக் கொடுத்து நைட்ரஜனைப் பெற்றுக்கொண்டிருந்தது.

அந்தப் பாசியின் பெயர் பிரருடோஸ்பேரா பிகெலோவி. தன் வாழ்வின் ஒரு கட்டத்தில் ஐங்கோணச் சுண்ணத் தகடுகள் பன்னிரண்டைக் கவசமாக அணியும் அழகிய உயிர் அது. கடலில் காண்பதோடு ஆய்வு முடியாது. ஆய்வகத்தில் வளர்த்தால்தான் நுணுகிப் பார்க்க இயலும். ஜப்பானின் கொச்சி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தொல்லுயிரியலாளர் கியோகோ ஹாகினோ, பத்தாண்டுகளுக்கும் மேலாக 300க்கு மேற்பட்ட முறை கடல்நீர் மாதிரி எடுத்து இதைச் சாதித்தார். அவருடைய பொறுமை இல்லையேல் இனிச் சொல்லப்போவது எதுவும் தெரியவந்திராது என்பது என் உறுதியான எண்ணம்.

இப்போது மையக் கேள்விக்கு வருவோம். பாசியின் செல்லுக்குள் வாழும் இதுபோன்ற ஓர் உயிரை எந்தக் கட்டத்தில் விருந்தாளி என்று சொல்வதை விட்டு, உறுப்பு என்று சொல்லத் தொடங்குவது? 2024இல் வெளிவந்த இரண்டு ஆய்வுகள் இதற்கு மூன்று அடுக்குகளில் விடை தருகின்றன. மேல் அடுக்கு, அளவு. உறவான பாசி இனங்கள் பெரிதும் சிறிதுமாக இருந்தாலும், செல்லுக்கும் உள்ளிருப்பதற்கும் இடையிலான அளவு விகிதம் ஏறத்தாழ மாறுவதில்லை. அடுத்தது, பிரிதல். மென் எக்ஸ் கதிர்களால் செல்லின் முப்பரிமாணப் படங்களை எடுத்தபோது, பாசி இரண்டாகும் ஒழுங்கில் இதுவும் சேர்ந்தே இரண்டாவதும், மகள் செல் ஒவ்வொன்றும் ஒன்றைப் பெறுவதும் தெரிந்தன.

மூன்றாவது அடுக்கே ஆழமானது. உள்ளே இருப்பதன் புரதங்களை ஆராய்ந்தபோது, பல புரதங்களுக்கான மரபணுக்கள் அதனிடம் இல்லை. பாசியின் உட்கருவில் இருந்தன. அதாவது பாசி அவற்றைத் தயாரித்து உள்ளே அனுப்புகிறது. அத்தகைய புரதங்களின் ஒரு முனையில் கூடுதலாக ஓர் அமினோ அமிலத் தொடர் உண்டு. கடித உறையின் முகவரிபோல அது புரதம் சேரவேண்டிய இடத்தைக் குறிக்கிறது. விருந்தாளி தன் பொருளைத் தானே கொண்டுவருவான். உறுப்போ உடலிடமிருந்து பெற்றே இயங்கும். அளவும் பிரிதலும் மட்டும் ஒத்திருந்தால் நெருங்கிய நட்பு என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். புரத வரவு தெரிந்தபின் அவ்வாறு நிறுத்த வழியில்லை.

டைலர் கோல் முதலான ஆய்வாளர்கள் இதற்கு நைட்ரோபிளாஸ்ட் என்று பெயரிட்டனர். பாக்டீரியா உறுப்பானது இதற்குமுன் மிகச் சில முறைகளே அறியப்பட்டுள்ளது. மைட்டோகாண்ட்ரியா ஒன்று, பசுங்கணிகம் இன்னொன்று, பாலினெல்லா என்னும் அமீபாவின் ஒளிச்சேர்க்கை உறுப்பு மற்றொன்று. முதல் இரண்டும் நூறு கோடி ஆண்டுகளுக்கும் முந்தியவை. நைட்ரோபிளாஸ்டின் வயது சுமார் 10 கோடி ஆண்டுகள் என்று மதிப்பிடப்படுகிறது. இளமை அதன் உடலிலேயே தெரிகிறது. பசுங்கணிகத்தைவிடப் பல மடங்கு மரபணுக்களை இன்னும் தன்னிடமே வைத்திருக்கிறது. எனவே இதை வளர்ச்சியின் தொடக்க நிலையிலுள்ள உறுப்பு என்று ஆய்வாளர்கள் அளந்து சொன்னது பொருத்தமே.

நெல்லும் கோதுமையும் தமக்கு வேண்டிய நைட்ரஜனைத் தாமே நிலைப்படுத்திக்கொள்ளுமாறு செய்ய முயல்வோர்க்கு இது உடனே கைகொடுக்கும் என்று சொல்வது மிகையாகும். ஆக்சிஜன் நிறைந்த செல்லுக்குள் நைட்ரோஜினேஸ் நிலையாக இயங்க முடியும் என்பதற்கு இயற்கையிலேயே ஒரு சான்று கிடைத்துள்ளது, அவ்வளவே. பாடநூல்களில் உள்ள அந்த ஒரு வரி விதியையோ இனி மாற்றி எழுதியே ஆகவேண்டும்.