மட்டசனமும் முதுமையும்

உடல் எடையைக் குறைக்க முனையும் முதியோர் பலர் ஒரு கட்டத்தில் திகைத்து நிற்கின்றனர். தொடக்கத்தில் மளமளவெனக் குறைந்த எடை, பின்னர் வாரக்கணக்கில் அசைவதில்லை. உண்பது அதே அளவு. நடப்பது அதே தொலைவு. எடை மட்டும் இறங்க மறுக்கிறது. அப்போது நம் மனத்தில் இரு குரல்கள் எழுகின்றன. 'இன்னும் பட்டினி கிட' என்கிறது ஒன்று. 'இந்த வயதில் இனி எதற்கு?' என்கிறது மற்றொன்று. இவற்றுள் எது அறத்தின் குரல்?

காஞ்சிபுரம் மாவட்டத்தின் பெரிய ஏரிகளுள் ஒன்று தென்னேரி. நிறைந்த ஏரியின் மதகைத் திறந்தால் நீர் சீறிப் பாயும். மட்டம் தாழத் தாழ, அதே மதகில் நீரின் வேகம் தளரும். அதனால் மதகு பழுதாயிற்று என்று உழவர் சொல்வதில்லை. நம் உடலும் அத்தகையதே. எடை குறைந்த உடலுக்கு அன்றாடம் தேவைப்படும் ஆற்றலும் குறைகிறது. முதுமையில் தசை தேய்வதால் அத்தேவை மேலும் சுருங்குகிறது. நேற்று எடையைக் குறைத்த உணவு, இன்று அதை அப்படியே நிறுத்தி வைக்கவே போதுமானதாகிவிடுகிறது. இது படைப்பின் ஒழுங்கு, பாவத்தின் தண்டனையன்று.

தலையான பாவங்கள் ஏழனுள் போசனப்பிரியத்துக்கு எதிராக நம் முன்னோர் கற்பித்த புண்ணியம் மட்டசனம். மட்டு என்பது அளவு. அசனம் என்பது உணவு. பட்டினி என்று அவர்கள் அதற்குப் பெயரிடவில்லை. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின்படி, 60-ஆம் வயது தொடங்கியதும் ஒருசந்திக் கடமை நீங்கிவிடுகிறது. மட்டசனத்துக்கோ வயது வரம்பில்லை. ஆகவே முதியோரிடம் கேட்கப்படுவது கடும்பசியன்று, அளவறிதலே.

அந்த அளவு வயதோடு மாறுகிறது. 40 வயதில் உழைப்புக்கேற்ற அளவாயிருந்த சோறு, 65 வயதில் மிகையாகலாம். சோற்றையும் இனிப்பையும் குறைக்கலாம். பருப்பு, பயறு, முட்டை, மீன் ஆகியவற்றையும் ஒதுக்கினால் கொழுப்போடு தசையும் கரையும். நடையோடு, நாற்காலியில் கை ஊன்றாமல் எழுந்தமரும் பயிற்சியும் வேண்டும். நீரிழிவுக்கான சில மருந்துகள் எடையைக் கூட்டுவதுண்டு. அதை மருத்துவரிடம் கேட்டறிய வேண்டுமேயன்றி, மருந்தை நாமே நிறுத்தலாகாது.

அதே மாவட்டத்து உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்து 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டு, குடவோலை முறையில் ஆண்டுதோறும் ஏரி வாரியம் அமைத்ததைக் கூறுகிறது. ஏரியைக் காப்பது ஒருமுறை செய்து முடிக்கும் செயலன்று. ஆண்டுதோறும் புதிதாக ஏற்க வேண்டிய பொறுப்பு. இறைவன் நம்மிடம் ஒப்படைத்த உடலும் அவ்வாறே. இளமையில் வகுத்த அளவைக் கொண்டு முதுமையை நடத்த இயலாது.

'இன்னும் பட்டினி கிட' என்னும் குரலில் ஆணவம் ஒளிந்திருக்கிறது, 'இனி எதற்கு?' என்பதில் அவநம்பிக்கை. இரண்டும் நம்மை எடைக்கல்லுக்கு அடிமையாக்குகின்றன. தொடக்க எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்தாலே சர்க்கரையும் இரத்த அழுத்தமும் சீர்படத் தொடங்கும் என்பர் மருத்துவர். குறைந்த எடையை மீண்டும் ஏறவிடாமல் காப்பதும் வெற்றியே. எனவே எடை நின்ற இடத்தில் அஞ்சாமல் அளவை மீண்டும் ஆராய்வோம். நம் தட்டில் குறைந்தது ஏழையின் தட்டில் கூடட்டும். அப்போது நம் மட்டசனம் அன்பாகவும் கனியும்.